இறக்கி வைத்த இடம்

"சாமியை வழியில விட்டுட்டு வந்துட்டேன், தாயி."

புதன்கிழமை காலை. வந்ததும் வராததுமாக மாசானமுத்து அண்ணாச்சி இப்படித்தான் சொன்னார்.

காலில் செருப்பில்லை. இரண்டு கையாலும் ஒரு மண்கலயத்தை ஏந்தியிருந்தார். அதன் வாய் மஞ்சள் துணியால் கட்டியிருந்தது.

தாயி முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"எந்தச் சாமியை, அண்ணாச்சி?"

"எங்க பேச்சியம்மாளை."

"எங்கே விட்டீங்க?"

"ரோட்டுல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

நான் திரவியம். சிறுமலை அடிவாரத்தில் இருக்கிற இந்த மடத்துச் சமையல்காரன். இந்த விவகாரத்தில் எனக்குப் பெரிதாக வேலை ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

மடத்தை நடத்துகிற தாயிக்கு முப்பத்தெட்டு வயது. காவி கட்டுவதில்லை, உபதேசமும் கிடையாது. கேட்டால் பதில் சொல்வார். சில நேரம் அதுவும் இல்லை.

அண்ணாச்சிக்கு அறுபத்துமூன்று. இருந்தாலும் அவர்தான் சீடர். ஆறு வருஷமாக அப்படித்தான்.

முன்னால் லாரி ஓட்டியவர். வண்டியை விட்ட பிறகு யாத்திரை. காசி, கேதார்நாத், துவாரகை, காமாக்யா என்று அவர் கால் படாத ஊர் பாக்கியில்லை. கேதார்நாத்தில் மூச்சு முட்டிய கதையை மட்டும் நான் பதினொரு தடவை கேட்டிருக்கிறேன். அதுவரை நான் பார்த்த தூரம் வத்தலகுண்டு. அந்த எரிச்சல் எனக்கு உண்டு, ஒளிப்பானேன்?

ஒவ்வொரு யாத்திரை முடிந்ததும் மடத்துக்கு வருவார். ஒரே கேள்வியைக் கேட்பார்.

"இவ்வளவு தூரம் போயிட்டு வாரேன். போய் எறங்கின மறுநாளே அடுத்த ஊருக்கு எப்பப் போவோம்னு இருக்கு. ஒரு எடத்துலயும் உக்கார முடியலயே தாயி, ஏன்?"

தாயி அதற்குப் பதில் சொன்னதே இல்லை. "சாப்பிட்டுப் போங்க" என்பார்.

இந்தத் தடவை கேள்வி வேறு.

அண்ணாச்சியின் ஊர் சொக்கன்விளை. திருச்செந்தூர்ப் பக்கம், செம்மண் தேரிக்காடு. அங்கிருந்து நாற்பது குடும்பம் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய் அங்கேயே தங்கிவிட்டது. போன இடத்தில் எல்லாம் கிடைத்தது, குலசாமி கிடைக்கவில்லை.

அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. சொந்த ஊர்க் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப் புது ஊருக்குக் கொண்டுபோவார்கள். அதை வைத்துப் பீடம் கட்டுவார்கள். மண்ணோடு சாமியும் வந்துவிடும். பிடிமண் என்று பெயர்.

அதில் ஒரு கண்டிப்பு உண்டு. போய்ச் சேரும்வரை கலயத்தைத் தரையில் வைக்கக் கூடாது. வைத்தால், வைத்த இடத்திலேயே சாமி நின்றுவிடும். அப்புறம் கலயத்தில் இருப்பது வெறும் மண்.

பூசாரி வகையறாவில் மூத்தவர் என்று அண்ணாச்சியை அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பீடம்.

"நேத்து மத்தியானம் பஸ் பஞ்சராயிட்டு, தாயி. எல்லாரும் எறங்கி நின்னோம். நான் கலயத்தைக் கீழ வச்சிட்டேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"தெரிஞ்சவங்க யாரும் இல்ல."

"அப்புறம் எடுத்துக்கிட்டீங்க."

"எடுத்துட்டு பஸ் ஏறிட்டேன். திருப்பூர் வரைக்கும் டிக்கெட். திண்டுக்கல் வந்ததும் எறங்கிட்டேன். மேக்கொண்டு போக முடியல."

அவர் கலயத்தைக் குனிந்து பார்த்தார்.

"அவ இதுக்குள்ள இருக்காளா, அங்கனயே நின்னுட்டாளா? அதை மட்டும் சொல்லுங்க. நாப்பது குடும்பம் புள்ளகுட்டியோட வந்து விழுந்து கும்பிடும். வெறும் மண்ணையா கும்பிடச் சொல்லுவேன்?"

தாயி கையை நீட்டினார்.

"குடுங்க."

கொடுத்தார். தாயி அதை வாங்கித் தனக்குப் பக்கத்தில், கீரை முறத்தை ஒட்டித் தரையில் வைத்தார்.

"ஐயோ தாயி!"

அண்ணாச்சி பாய்ந்து வந்தார். தாயி கலயத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இதுல யாரும் இல்லைன்னா ஏன் பதறுறீங்க?"

"இருந்தா?"

"இருந்தா ஏன் திண்டுக்கல்ல எறங்குனீங்க?"

அண்ணாச்சி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

தாயி மறுபடியும் கீரையை எடுத்தார்.

"ஏன் கீழ வச்சீங்க?"

"கை வலிச்சுது."

"முப்பது வருஷம் ஸ்டியரிங் புடிச்ச கை."

"வயசாயிட்டுல்லா."

"இடுப்புல அணைச்சு வச்சுக்கிட்டிருக்கலாமே."

அவர் கீரை முறத்திலிருந்து ஒரு காம்பை எடுத்து ஒடித்தார்.

"சரி. எடம் எப்படி இருந்துச்சு? அதையாவது சொல்லுங்க."

இதைக் கேட்டதும் அண்ணாச்சிக்கு மூச்சு வந்தது. கடகடவென்று சொன்னார்.

"சாத்தூருக்குத் தெக்க ஒரு விலக்கு, தாயி. மெயின் ரோட்டுல இருந்து ஊருக்குள்ள பாதை பிரியுத எடம். அதுல இருந்து எண்பது அடியில ஒரு சின்னப் பாலம். பாலத்துச் சுவர்ல மேற்கு மூலை ஒடஞ்சிருக்கும். எதுத்தாப்புல ஒரு புளியமரம். அடியில வெள்ளை அடிச்சு நம்பர் போட்டிருக்கும். நாப்பத்தேழு."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேதார்நாத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர் அங்கே ஒரு செடியைச் சொன்னதில்லை. பஞ்சரான இடத்தில் நம்பர் சொல்கிறார்.

"நாப்பத்தேழா?" என்றார் தாயி.

"ஆமா."

"நேத்து பாத்தீங்களா?"

"பாத்தேன் தாயி. கண்ணால பாத்தேன்."

தாயி கீரையைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, அந்த ரோட்டை நாலு வழியா ஆக்கினப்போ புளியமரத்தையெல்லாம் வெட்டிட்டாங்க. ஒண்ணு மிச்சமில்லை. பதினஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கும்."

தாயி அவரை நேராகப் பார்த்தார்.

"நீங்க நேத்து பாத்ததைச் சொல்லலை. எப்போ பாத்ததைச் சொல்றீங்க?"

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"இருபத்திமூணு வருஷம் ஆச்சு. பங்குனி மாசம், மத்தியானம் மூணு மணி. நாகர்கோயில்ல இருந்து ரப்பர் லோடு. கண்ணு ஒரு நொடி சொக்கிட்டு. சைக்கிள்ல ஒரு ஆளு வந்தாரு, பின்னால புல்லுக்கட்டு. சத்தம்தான் கேட்டுது. கண்ணாடியில பாத்தா புளியமரத்தடியில கெடக்காரு. ரோட்டுல ஈ காக்கா இல்ல."

"நிறுத்துனீங்களா?"

"பிரேக்குல காலை வச்சேன்."

தாயி காத்திருந்தார்.

"எடுத்துட்டேன்."

அவர் முகத்திலிருந்து கையை இறக்கினார்.

"அதுக்கப்புறம் அந்த ரோட்டுப் பக்கமே போகல, தாயி. மதுரைக்குன்னா அருப்புக்கோட்டை சுத்திப் போவேன். எத்தனை ஊரு போயிட்டேன்! அந்த ஒரு எடத்துக்கு மட்டும் போகல. நேரா திருப்பூர் போற பஸ்ஸு அந்த வழியாத்தான் போகுது. கண்ணை இறுக்க மூடிக்கிட்டுத் தாண்டிரலாம்னு பாத்தேன். அங்கனதானா பஞ்சராகணும்? எறங்கி நின்னேன். கை அதுபாட்டுக்கு எறக்கி வச்சிட்டு."

எனக்குக் கோபம் வந்தது. இந்த மனுஷனுக்கா ஆறு வருஷம் இலை போட்டுப் பரிமாறினேன் என்று இருந்தது. தாயி ஏதாவது நாலு வார்த்தை கேட்பார் என்று பார்த்தேன். அவர் எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டு வந்தார்.

அண்ணாச்சி கண்ணைத் துடைத்தார்.

"சரி தாயி, புரிஞ்சுட்டு. அவ அங்கனதான் நிக்கா. இப்பமே போயி அந்த எடத்துல ஒரு பிடி அள்ளிட்டு வந்துருதேன். மண்ணோட அவளும் வந்துருவா."

"யாரைக் கேட்டு அள்ளுவீங்க?"

"ரோட்டோரம் தாயி. யாரைக் கேக்கணும்?"

"சொக்கன்விளையில எப்படி அள்ளுனீங்க?"

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். கோயில் எல்லையில் நின்று ஊர்க்காரர் ஒருவர் முன்னால் கேட்க வேண்டும். இன்னார் மகன் இன்னார், இன்ன காரியமாக மண் கேட்டு வந்திருக்கிறேன். எதையும் ஒளிக்கக் கூடாது. ஊர்க்காரர் வாயால் 'எடுத்துக்கோ' என்று சொல்ல வேண்டும். அப்படி இல்லாவிட்டால் அது திருட்டு மண். அதில் சாமி நிற்காது.

"அந்த விலக்குலயும் ஒரு ஊர் இருக்கும்ல?" என்றார் தாயி.

அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை.

"தாயி, நான் காசிக்கு வேணா இன்னொரு தரம் போறேன். நடந்தே போறேன்."

"திரவியம், அடுப்பை அணைச்சிட்டு வாங்க. சாத்தூர் பஸ்ஸைப் பிடிக்கணும்."



பஸ்ஸில் அண்ணாச்சி கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார். வழியில் ஒரு ஊரைப் பற்றிக்கூடப் பேசவில்லை. அவரோடு இருந்து கதை கேட்காமல் கழிந்த முதல் பொழுது அதுதான்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு விலக்கில் இறங்கினோம்.

நாலு வழிச்சாலை. நடுவில் அரளிச்செடி. பாலத்தை அகலமாகக் கட்டியிருந்தார்கள், உடைந்த மூலை எல்லாம் இல்லை. புளியமரம் இருந்த இடம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அண்ணாச்சி மட்டும் ஒரு இடத்தில் பார்வையை வைத்து நின்றார்.

பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மா கம்பில் துணி கட்டி நிழல் போட்டு வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். அவருக்குப் பத்தடி தள்ளி, வெறுந்தரையில் ஒரு கூடை கவிழ்த்து வைத்திருந்தது. மேலே ஒரு கல்.

நான் அந்தப் பக்கமாக நடந்தேன்.

"ஐயா, அந்தக் கூடைகிட்டப் போகாதீக!"

"ஏம்மா, என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. நேத்து ஒரு பஸ்ஸு பஞ்சராகி நின்னுச்சு. அதுல வந்த ஒருத்தரு சாமிக் கலயத்தை அங்கன எறக்கி வச்சிட்டு, பித்துப் புடிச்சாப்புல நின்னாரு. சாமி உக்காந்த எடம் பாருங்க. ஆடு மாடு மிதிச்சிரக் கூடாதேன்னு கவுத்து வச்சேன்."

சொல்லிக்கொண்டே வந்தவர் அண்ணாச்சியைப் பார்த்தார். கலயத்தைப் பார்த்தார்.

"அட, நீங்கதான அது?"

அண்ணாச்சி தலையை ஆட்டினார். பிறகு முறைப்படி, கூடைக்கு நாலடி தள்ளி நின்று, கலயத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"மண்ணு கேட்டு வந்திருக்கேன்மா."

அந்த அம்மாவுக்கும் முறை தெரிந்திருந்தது. எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"யாரு வந்திருக்கிறது?"

"சொக்கன்விளை சுடலைக்கண்ணு மகன் மாசானமுத்து."

"என்ன காரியமா?"

"திருப்பூர்ல எங்க சனத்துக்குப் பேச்சியம்மாளைக் கொண்டுபோய் வைக்கணும். அவ இங்கன நின்னுட்டா."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுக்கா இவ்வளவு தூரம் திரும்ப வந்தீக? நான் ராமுத்தாயி, இந்த ஊருக்காரி சொல்றேன். நல்லா எடுத்துக்கிடுங்க. எங்க மண்ணு குடுத்து வச்சது."

அவரே கல்லை எடுத்தார். கூடையை நிமிர்த்தினார்.

அவ்வளவுதான். கேட்டாயிற்று, கொடுத்தாயிற்று.

அண்ணாச்சி குனிந்து ஒரு பிடி அள்ளினார். கரிசல் மண். விரலை மூடிக்கொண்டார்.

நான் தாயியைப் பார்த்தேன். தாயி ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் சொல்லவில்லை.

அண்ணாச்சி மஞ்சள் துணியை அவிழ்த்தார். மூடின கை கலயத்தின் வாய் வரைக்கும் போயிற்று.

"நாலு மணிக்குத் திருப்பூர் வண்டி ஒண்ணு இருக்கு. கையைக் காட்டுனா நிறுத்துவாக" என்றார் ராமுத்தாயி. "அதுக்குள்ள ரெண்டு வெள்ளரிப்பிஞ்சு சாப்பிடுங்க. வெயில்ல வந்திருக்கீக."

கத்தியை எடுத்து ஒரு பிஞ்சைக் கீறத் தொடங்கினார்.

அண்ணாச்சி விரல்களைத் திறந்தார். மண் உதிர்ந்து விழுந்தது.

"நான் கேட்டது பத்தாதும்மா. முழுசாச் சொல்லல."

"என்ன சொல்லல?"

"இருபத்திமூணு வருஷத்துக்கு முன்னால, இங்கன, சைக்கிள்ல வந்த ஒருத்தரை ஒரு லாரி அடிச்சுது."

கத்தி நின்றது.

"அதை ஓட்டுனவன் நான்."

இரண்டு லாரி போயிற்று. ஒரு பஸ் போயிற்று. ராமுத்தாயி கத்தியை வைத்துக்கொண்டே எழுந்தார். நான் பயந்துபோய் முன்னால் ஓர் அடி எடுத்து வைத்தேன். தாயி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவுக என் வீட்டுக்காரரு" என்றார் ராமுத்தாயி. குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்தார். கலயம் மடியில் சாய்ந்தது.

"ஒண்ணு கேக்கணும். இத்தனை வருஷமா கேக்க ஆளில்ல. நீ போறப்ப அவுகளுக்கு உயிர் இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அந்த அம்மாவுக்காகவாவது பொய் சொல்லிவிடு.

"இருந்துச்சு. கை அசைஞ்சுது. கண்ணாடியில பாத்தேன்."

ராமுத்தாயி கத்தியைப் போட்டுவிட்டு வந்தார். அண்ணாச்சியின் தலையில் அடித்தார், முதுகில் அடித்தார், நெஞ்சில் அடித்தார். அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

"ஆறு மணிக்குத்தான்டா பாத்தாக! ஆடு பத்திட்டு வந்தவுகதான் பாத்தாக! மூணு மணி நேரம்! பங்குனி வெயில்ல தண்ணிக்கு எப்படித் தவிச்சாகளோ! ஒரு வாய் தண்ணி ஊத்த நாதியில்லாமப் போச்சே!"

கை ஓயும் வரைக்கும் அடித்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதார். அண்ணாச்சியும் அழுதார். நானும் அழுதேன், சொல்ல என்ன வெட்கம். தாயியின் கன்னத்திலும் கண்ணீர் வழிந்தது. நான் அதை அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அழுகை அடங்கியதும் அண்ணாச்சி சொன்னார்.

"போலீஸ்ல போய்ச் சொல்லிருதேன்மா. என்ன தண்டனைன்னாலும் வாங்கிக்கிடுதேன்."

"போய்ச் சொல்லு. அது உன் பாடு." ராமுத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இப்ப நீ மண்ணுக்குல்ல வந்தே?"

"எனக்கு இனி எந்த மொகத்தோட மண்ணு?"

"கேட்டேல்ல? பதிலைக் கேட்டுட்டுப் போ."

ராமுத்தாயி தரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தார்.

"எடு. ரெண்டு பிடி எடு."

"ரெண்டா?"

"ஒண்ணு உங்க அம்மாளுக்கு. ஒண்ணு அவுகளுக்கு. இப்படி அகாலத்துல போனவுகளுக்குக் கல்லு நட்டுக் கும்பிடுறது எங்க பக்கத்து வழக்கம். நான் நடல. நட்டுட்டா அவுக போயிட்டாகன்னு ஆயிருமேன்னு விட்டுட்டேன். நீ நடு. உங்க சாமிக்குப் பக்கத்துல நடு."

"நடுதேன்மா."

"யாரு இதுன்னு கேப்பாக."

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"நீதான் சொல்லணும். வேற யாரும் சொல்லக் கூடாது. எத்தனை பேரு கேட்டாலும், எத்தனை வருஷம் கேட்டாலும், நீ உசுரோட இருக்குற வரைக்கும் உன் வாயால சொல்லணும்."

"சொல்லுதேன்."

அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்.

"அவரு பேரு என்னம்மா?"

ராமுத்தாயி அவரை வெறித்துப் பார்த்தார்.

"கட்டுன நாள்ல இருந்து அவுக பேரை நான் சொன்னதில்ல. ஆபீஸ்ல கேட்டாக்கூடப் பக்கத்துல நிக்கிறவுகளைச் சொல்லச் சொல்லுவேன்."

உதட்டை நனைத்துக்கொண்டார்.

"குருவையா" என்றார். சொல்லிவிட்டு, இன்னொரு தடவை சொன்னார். "குருவையா."

அண்ணாச்சி மறுபடியும் அள்ளினார். ஒரு பிடியைக் கலயத்தில் செம்மண்ணின் மேலே போட்டார். இன்னொரு பிடியை ராமுத்தாயி பூவரசு இலையில் பொதிந்து நார் சுற்றிக் கொடுத்தார். தாயிக்கும் எனக்கும் கீறிய வெள்ளரிப்பிஞ்சு நீட்டினார். அண்ணாச்சிக்கு நீட்டவில்லை.

நாலு மணி வண்டி வந்தது.

"தாயி, ஏறுங்க" என்றார் அண்ணாச்சி.

"திரவியம் வருவார். நான் இங்கே கொஞ்சம் இருக்கணும்."

தாயி ராமுத்தாயிக்குப் பக்கத்தில் போய், அந்தத் துணி நிழலில் உட்கார்ந்துகொண்டார். படியில் கால் வைத்த என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அவர் பேச வேண்டிய எடத்துல நீங்க பேசிடாதீங்க."



வெள்ளிக்கிழமை காலை. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைச் சுவரை ஒட்டி இரண்டு சென்ட் இடம். நாற்பது குடும்பமும் தலைக்குக் குளித்து வந்து நின்றது. ஒரு ஓரத்தில் பொங்கல் பானைகள். மேளம் நடந்துகொண்டிருந்தது.

அண்ணாச்சி பேச்சியம்மாளின் பீடத்துக்குள் கலயத்து மண்ணைக் கொட்டினார்.

"என்ன அண்ணாச்சி, மண்ணுல கறுப்பு கலந்து கெடக்கு? நம்ம ஊரு செம்மண்ணுல்லா?" என்று ஒருவர் கேட்டார்.

"சொல்லுதேன்."

பீடத்துக்கு வலது பக்கம் ஒரு முழம் தள்ளிக் குழி தோண்டினார். பூவரசு இலையைப் பிரித்து மண்ணைப் போட்டார். ஒரு சின்னக் கல்லை நட்டார். அதற்கு மஞ்சள் பூசினார். மேளக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மனுக்குப் பக்கத்துல இது யாரு?"

அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"இவரு பேரு குருவையா. சாத்தூருக்குத் தெக்க உள்ளவரு. சைக்கிள்ல புல்லு ஏத்திட்டு வந்தாரு. நான் லாரியை ஏத்திட்டேன். உயிர் இருக்குன்னு தெரிஞ்சும் நிக்காமப் போயிட்டேன். போன செவ்வாக்கிழமை நம்ம அம்மாளை அந்த எடத்துல எறக்கி வச்சிட்டேன். அவரு வீட்டம்மாதான் இந்த மண்ணைக் குடுத்தாக."

மேளம் நின்றுவிட்டது.

"உன்னை நம்பியாய்யா அனுப்பினோம்?" என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் காறித் துப்பினார். இரண்டு குடும்பம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிற்று. கல்லைப் பிடுங்கி எறிய ஒரு ஆள் குனிந்தார். எனக்கு நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"கையை எடுங்க" என்று ஒரு குரல் கேட்டது.

தங்கபுஷ்பம் என்று ஒரு பெண். பனியன் கம்பெனியில் தையல் வேலை. பொங்கல் பானைக்குப் பக்கத்திலிருந்து கரண்டியோடு எழுந்து வந்தாள்.

"நட்டாச்சு. நட்ட சாமியைப் பிடுங்கக் கூடாது."

அந்த ஆள் கையை எடுத்துவிட்டார். அவள் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அண்ணாச்சியிடம் திரும்பினாள்.

"அம்மாளுக்குச் சர்க்கரைப் பொங்கல். இவருக்கு என்ன வைக்கணும் அண்ணாச்சி? விரும்பிச் சாப்பிடுறது என்ன அவருக்கு?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும்?

"தெரியாதும்மா."

தோளில் கிடந்த துண்டை எடுத்து மஞ்சள் கையைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் விலகி வழி விட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக நடக்கத் தொடங்கினார்.

"கேட்டுட்டு வாரேன்."